பரு வரும் முகத்துக்கு எந்த சன்ஸ்கிரீன்? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முகத்தில் பரு உள்ளவர்களில் பலர் சன்ஸ்கிரீன் பக்கமே போவதில்லை. "பூசினா முகம் பிசுபிசுங்குது, பருவும் கூடிப் போச்சு" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். அதில் உண்மை இருக்கிறது. பொருந்தாத வகையைப் பூசினால் அப்படி நடக்கக்கூடும். ஆனால், அதற்காக சன்ஸ்கிரீனையே ஒதுக்கிவிட்டால் நட்டம் நமக்குத்தான்.

நம்மவர்களின் சருமத்தில் ஒரு பரு ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். அது விட்டுச் செல்லும் கறுத்த தடமோ பல மாதங்கள் நிற்கும். அந்தத் தடத்தை மேலும் கறுக்கவைப்பதும், மறைய விடாமல் பிடித்து வைப்பதும் வெயில். பிறகு அந்தத் தடத்தைப் போக்கத்தான் நம் பிள்ளைகள் பாசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கும் ஊர் பேர் தெரியாத வெளுப்பு கிரீம்களைத் தேடிப் போகிறார்கள். சரியான சன்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் அந்த ஆபத்தான பாதைக்கே போகத் தேவையில்லை.

கறுத்த சருமத்துக்கு சன்ஸ்கிரீன் எதற்கு?

"நம்ம தோலுக்கு இதெல்லாம் தேவையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது வழக்கம். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. கறுப்பு நிறத்தைத் தரும் மெலனின் இயற்கையாகவே ஓரளவு வெயிலைத் தடுக்கிறது. வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் நமக்குச் சருமப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

மறுபாதியையும் பார்க்க வேண்டும். பரு என்பது ஓர் அழற்சி. அழற்சி வந்த இடத்தில் கறுத்த சருமம் மெலனினை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. பரு ஆறிய பிறகு பழுப்பாகவோ கறுப்பாகவோ தடம் நிற்பது இதனால்தான். வெயில் பட்டால் அந்த இடம் இன்னும் கறுக்கும். தடத்துக்கு எவ்வளவு விலையுயர்ந்த மருந்து பூசினாலும், பகலில் வெயிலுக்குத் தடுப்பு இல்லையென்றால் பூசிய மருந்தில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

ஆகவே சன்ஸ்கிரீன் என்பது நிறத்தை வெளுக்கவைக்கும் பொருள் அல்ல. பரு சிகிச்சையின் ஒரு பகுதி. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும்.

நம் ஊர் வெயில் எப்போது உச்சம்?

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். ஆண்டு முழுவதும் புற ஊதாக் கதிரின் அளவு அதிகம். இந்த அளவைக் காட்டும் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் தெளிவான வானம் உள்ள நண்பகலில் அது 11-ஐத் தாண்டுவதும் உண்டு. சிங்கப்பூரில் உள்ளவர்கள் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையப் பக்கத்தில் இந்தக் குறியீட்டை மணிக்கு மணி பார்க்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982-ல் அரை மணி நேரம் முன்தள்ளப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15 மணிக்கு. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகும் நேரமும், பிற்பகல் பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகும் நேரமும் கடும் வெயில் நேரமே. காலை 11 முதல் பிற்பகல் 3 மணிவரை கூடுதல் கவனம் தேவை.

மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி கீழே வரும். கார், பேருந்துக் கண்ணாடி வழியாகவும் யு.வி.ஏ. கதிர் உள்ளே வரும்.

அட்டையில் என்ன பார்க்க வேண்டும்?

எஸ்.பி.எப்.: இது தோலைச் சுட்டெரிக்கும் யு.வி.பி. கதிருக்கான அளவு. எஸ்.பி.எப். 15 சுமார் 93 விழுக்காட்டையும், 30 சுமார் 97 விழுக்காட்டையும், 50 சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கும். 30-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் பலர் நினைப்பதுபோல் பெரிதல்ல. 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். பெரும்பாலோர் தேவையான அளவைவிடக் குறைவாகவே பூசுவதால் 50 இருந்தால் நல்லது.

பி.ஏ.: இது யு.வி.ஏ. கதிருக்கான அளவு. சருமத்தைக் கறுக்கவைப்பதில் இந்தக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. பி.ஏ. என்பதற்குப் பின்னால் கூட்டல் குறிகள் இருக்கும். நான்கு இருந்தால் மிக உயர்ந்த பாதுகாப்பு. மூன்றுக்குக் குறைய வேண்டாம். ஐரோப்பியத் தயாரிப்புகளில் இதற்குப் பதிலாக யு.வி.ஏ. என்ற எழுத்துகள் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். அதுவும் ஏற்கத்தக்கதே.

நான்-கமடோஜெனிக்: சருமத் துவாரத்தை அடைக்காது என்பது இதன் பொருள். பரு உள்ளவர்கள் இந்தச் சொல்லைத் தேட வேண்டும். ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலில் சோதித்துவிட்டுத்தான் இதை அச்சிடுகின்றன என்று எண்ணிவிடாதீர்கள். இது ஒரு நல்ல அறிகுறி, அவ்வளவுதான். உங்கள் முகத்துக்கு ஒத்துவருமா என்பதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆயில்-பிரீ, பிராகிரன்ஸ்-பிரீ: எண்ணெய் சேர்க்காதது, வாசனை சேர்க்காதது. இரண்டும் பரு முகத்துக்கு ஏற்றவை.

பொருள் பட்டியலில் தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர், ஐசோபுரோபைல் மிரிஸ்டேட் ஆகியவை முன்வரிசையில் இருந்தால் வேறொன்றைப் பாருங்கள்.

ஜெல்லா, கிரீமா, ஸ்பிரேயா?

எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல், அல்லது தண்ணீர்போல் ஓடும் புளூயிட் வகை ஏற்றது. சீக்கிரம் காயும், பிசுபிசுப்பு குறைவு. 'மேட்' என்று போட்டிருந்தால் பளபளப்பும் குறையும்.

பரு மருந்தால் முகம் வறண்டு தோல் உரிபவர்களுக்கு ஆல்கஹால் அதிகமுள்ள ஜெல் எரிச்சல் தரும். அவர்கள் மெல்லிய லோஷன் வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

கட்டியான கிரீம், உடம்புக்கென்று விற்கும் பெரிய பாட்டில் ஆகியவற்றை முகத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். கைகால்களுக்கு அவை போதும். ஸ்பிரே வகையில் எவ்வளவு பூசினோம் என்றே தெரியாது, மூச்சிலும் போகும். முகத்துக்கு அது சரிப்படாது.

விபூதி பூசியதுபோல் வெளுக்காமல் இருக்க

சன்ஸ்கிரீன் கதிரைத் தடுக்கும் பொருளை வைத்து இரண்டு வகைப்படும்.

தாது வகையில் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டைஆக்சைடும் இருக்கும். எரிச்சல் குறைவு, சிவந்த பரு உள்ள முகத்துக்கு இதமானது. குறை என்னவென்றால், கறுத்த முகத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ படர்ந்து தெரியும். நம் இளைஞர்கள் இரண்டே நாளில் தூக்கிப் போடுவதற்கு இதுதான் காரணம்.

ரசாயன வகையில் அவோபென்சோன், பெமோட்ரிசினால் போன்ற பெயர்கள் பட்டியலில் இருக்கும். வெள்ளை படராது, பூசவும் எளிது. சிலருக்கு மட்டும் கண் எரியும், முகம் அரிக்கும்.

மூன்றாவது வழியும் உண்டு. 'டின்டெட்' என்று விற்கப்படும் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன். அதில் அயர்ன் ஆக்சைடு இருக்கும். கறுத்த சருமத்தில் பருத்தடத்தைக் கறுக்கவைப்பது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதை அயர்ன் ஆக்சைடு தடுக்கிறது, சாதாரண சன்ஸ்கிரீன் தடுப்பதில்லை. தடம் அதிகம் உள்ளவர்களுக்கு இந்த வகை நல்ல பயன் தரும். நிறம் பொருந்துகிறதா என்று கடையில் தாடையோரம் தடவிப் பார்த்து, வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எவ்வளவு பூசுவது?

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். கடலைப் பருப்பு அளவு எடுத்து முகமெங்கும் தேய்த்தால் அட்டையில் போட்ட எஸ்.பி.எப். கிடைக்காது. பாதி அளவு பூசினாலே பாதுகாப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு விரல் அளவு ஏறத்தாழ 1 கிராம். ஒரு நாளைக்கு ஒருமுறை பூசினால் 50 கிராம் டியூப் 50 நாளில் தீர வேண்டும். இருமுறை பூசினால் 25 நாள். உங்கள் டியூப் அரை ஆண்டு வருகிறது என்றால் நீங்கள் போதுமான அளவு பூசவில்லை. அதனால் மிக விலையுயர்ந்ததை வாங்கிச் சிக்கனமாகப் பூசுவதைவிட, உங்கள் கைக்கு எட்டும் விலையில் வாங்கித் தாராளமாகப் பூசுவதே மேல். விலையை ஒப்பிடும்போது பாட்டிலின் விலையைப் பார்க்காமல் ஒரு கிராம் என்ன விலை என்று பாருங்கள்.

முதலில் முகம் கழுவி, காலையில் பூச வேண்டிய மருந்து இருந்தால் அதைப் பூசி, தேவைப்பட்டால் மாய்ஸ்சரைசர், கடைசியாக சன்ஸ்கிரீன். கால் மணி நேரம் காயவிட்டு வெளியே கிளம்புங்கள். பவுடர், பொட்டு எல்லாம் அதன் பிறகு. வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வியர்வையைத் துடைத்தாலும் அப்படியே.

இரவில் கழுவாமல் படுப்பதுதான் பலருக்குப் பரு கூடுவதற்குக் காரணம். வீடு திரும்பியதும் மென்மையான பேஸ்வாஷ் கொண்டு கழுவிவிடுங்கள். தேங்காய் நார், ஸ்கிரப் வைத்துத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் தடம் இன்னும் கறுக்கும்.

வேலைக்கு ஏற்ற தேர்வு

வெளிக்காட்டு வேலை: செம்பனையில் பழம் வெட்டுபவர்கள், மருந்தடிப்பவர்கள், கட்டுமான வேலை செய்பவர்கள் போன்றோருக்கு அகன்ற தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் முதல் பாதுகாப்பு. சன்ஸ்கிரீன் அதற்கு அடுத்தது. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டதை வாங்குங்கள். வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிந்தால், கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ள ஸ்டிக் பூசலாம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள்: முகத்தோடு கைப்புறத்துக்கும் பூசுங்கள். ஹெல்மெட் வாரும் உள்பஞ்சும் உரசுகிற தாடையிலும் நெற்றியிலும் பரு வந்தால், சன்ஸ்கிரீனைக் குறை சொல்லும் முன் உள்பஞ்சைத் துவைத்துக் காயவையுங்கள். கிரீமை மோட்டார் கூடையிலோ காரிலோ வெயிலில் விட்டுவைத்தால் கெட்டுப்போகும்.

லாரி, பேருந்து ஓட்டுநர்கள்: வலப்பக்கக் கன்னம் அதிகம் கறுத்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். பி.ஏ. அளவு உயர்ந்த வகை அவசியம்.

பள்ளிப் பிள்ளைகள்: காலையில் ஒரு தடவை, விளையாட்டுக்கு அல்லது பிற்பகல் பள்ளிக்குப் புறப்படும் முன் ஒரு தடவை. முதுகிலும் பரு உள்ள பையன்கள் தைப்பூசக் காவடி போன்ற நாள்களில் வெறும் மேனியோடு மணிக்கணக்கில் வெயிலில் நடப்பதுண்டு. அன்றைக்கு முதுகுக்கும் தோளுக்கும் பூச மறக்க வேண்டாம்.

புதிதாக வாங்கியதைச் சோதிப்பது எப்படி?

முதல் மூன்று நாள் காதுக்குக் கீழே தாடையோரம் மட்டும் பூசுங்கள். அரிப்பு, எரிச்சல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒன்றும் இல்லையென்றால் முகம் முழுக்கத் தொடங்கலாம்.

ஒரே வாரத்தில் கிரீம், பேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். எது ஒத்துவரவில்லை என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. துவாரம் அடைபட்டு வரும் பரு உருவாகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே இன்று பூசி நாளை வந்த ஒரு பருவுக்கு அந்த கிரீம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. முழு டியூப் வாங்கும் முன் சிறிய அளவு கிடைக்குமா என்று பார்மசியில் கேளுங்கள்.

வேறு காரணங்களையும் பாருங்கள். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் இறங்கினால் அங்கே வரிசையாகப் பொடிப்பருக்கள் வரும். இரவில் எண்ணெய் வைத்துப் படுத்தால் தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில், அரிப்போடு பொடிப்பொடியாக வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குப் பரு மருந்து கேட்காது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பரு மருந்து எடுப்பவர்கள் கவனிக்க

பருவுக்குக் கொடுக்கப்படும் டாக்சிசைக்ளின் மாத்திரை வெயில் பட்டால் சருமத்தை எளிதில் எரிய வைக்கும். ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை, அடாபலீன், ட்ரெட்டினோயின் பூச்சுகள் சருமத்தை வறட்டி மென்மையாக்கும். இவற்றை எடுக்கும் காலத்தில் சன்ஸ்கிரீன் கட்டாயம். அடாபலீன், ட்ரெட்டினோயின் பூச்சுகளை இரவில் மட்டும் பூசுங்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்களும் இந்த மூன்றையும் தொடக்கூடாது. குறிப்பாக ஐசோட்ரெட்டினோயின் கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் யாரிடமிருந்தும் அதை வாங்க வேண்டாம்.

வெளுப்பு கிரீம்: இங்கேதான் ஆபத்து

"ஒரே வாரத்தில் பரு, தடம் எல்லாம் போய்விடும், சன்ஸ்கிரீனும் இதிலேயே இருக்கிறது" என்று விற்கப்படும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆகியவை கலந்திருப்பதை நம் நாட்டின் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையான என்.பி.ஆர்.ஏ. பலமுறை கண்டுபிடித்து, அந்தப் பொருள்களின் அனுமதியை ரத்து செய்து அறிவித்துள்ளது.

ஸ்டீராய்டு பூசினால் முதல் வாரம் பரு வற்றி முகம் பளிச்சென்று ஆகும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகப் பரு கிளம்பும். ஹைட்ரோகுயினோனைக் கட்டுப்பாடின்றிப் பல காலம் பூசினால் முகத்தில் நீலங்கலந்த கறுப்பு படியலாம். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். பூசுபவரின் கையிலிருந்தும் துண்டிலிருந்தும் வீட்டுக் குழந்தைகளுக்கும் அது போய்ச் சேரும்.

மலேசியாவில் சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருளாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது. விற்பனைக்கு வருமுன் என்.பி.ஆர்.ஏ.-விடம் அறிவிக்கப்பட வேண்டும். அந்த அறிவிப்பு எண் ஆங்கிலத்தில் என்-ஓ-டி என்று தொடங்கும். என்.பி.ஆர்.ஏ. இணையப் பக்கத்தில் பொருளின் பெயரையோ எண்ணையோ கொடுத்துத் தேடிப் பார்க்கலாம். சிங்கப்பூரில் இந்தப் பொறுப்பு சுகாதார அறிவியல் ஆணையத்துடையது. தயாரிப்பாளர் முகவரி இல்லாத, பொருள் பட்டியல் இல்லாத டப்பாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி பதில்

மஞ்சள், சந்தனம், கற்றாழை வெயிலைத் தடுக்குமா?
தடுக்காது. கற்றாழை எரிச்சலுக்கு இதம் தரலாம். சன்ஸ்கிரீனுக்கு மாற்றாக இவற்றில் எதுவும் ஆகாது. தேங்காய் எண்ணெய் பரு முகத்தில் துவாரத்தை அடைக்கும்.

எஸ்.பி.எப். உள்ள பவுடர் போதுமா?
போதாது. சன்ஸ்கிரீனுக்கு மேல் பூசலாம், அதற்குப் பதிலாக அல்ல.

பழைய தடம் எப்போது மறையும்?
பல மாதங்கள் ஆகும். ஒரு வாரத்தில் மறையும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். குழியாக விழுந்த வடு சன்ஸ்கிரீனால் மறையாது. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?
பெரிய கட்டிகளாக, வலியோடு பரு வந்தால். குழி விழத் தொடங்கினால். கடையில் வாங்கிய மருந்தை இரண்டு மூன்று மாதம் பூசியும் குறையவில்லையென்றால். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனையின் சரும நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

கடைக்குப் போகும்போது நினைவில் வைக்க

எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேல். பி.ஏ. மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி. நான்-கமடோஜெனிக், எண்ணெயும் வாசனையும் சேர்க்காதது. எண்ணெய் முகத்துக்கு ஜெல் அல்லது புளூயிட், வறண்ட முகத்துக்கு லோஷன், தடம் அதிகமென்றால் நிறம் சேர்த்தது. என்.பி.ஆர்.ஏ. எண் சரிபார்த்தது.

இத்தனையும் பொருந்தி, தினமும் இரண்டு விரல் அளவு பூச உங்களுக்கு மனமும் காசும் இடம் கொடுக்கிறதா? அதுதான் உங்களுக்கேற்ற சன்ஸ்கிரீன்.